ஒரே நபரின் மூளை எம்.ஆர்.ஐ. படங்களை ஆண்டுவாரியாக ஒப்பிடும் ஆய்வில், மூளைப் பகுதிகளைத் தானாக அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருள் ஓடும் நேரத்தை எப்படிக் குறைப்பது?

முதல் ஆண்டுப் படத்தையே அடிப்படையாக வைத்துப் பிந்தைய படங்களை அதனுடன் பொருத்திவிட்டால், நடுவில் வரும், ஒருவரின் எல்லாப் படங்களிலிருந்தும் ஒரு பொதுப்படத்தை உருவாக்கும் 'பேஸ்' கட்டத்தைத் தவிர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு சர்வரைப் பலருடன் பகிர்ந்துகொண்டு, கெடு நெருங்கும் வேளையில் கேட்கும் ஆய்வு மாணவர் நீங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பேஸை மட்டும் தவிர்க்காதீர்கள்.

நான் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்தபோது, எனக்கு முன்பிருந்தவர்கள் அப்படித்தான் நேரத்தை மிச்சப்படுத்தியிருந்தார்கள். நோயற்ற முதியவர்களுக்குக்கூட, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி சந்தேகப்படும் அளவுக்குச் சுருங்குவதாக முடிவுகள் காட்டின. படங்களின் வரிசையைத் தலைகீழாக்கி, கடைசிப் படத்தை முதலாவதாக வைத்து மீண்டும் ஓட்டினேன். சுருக்கம் உண்மையானால் அதே அளவு வளர்ச்சியாக மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. பொருத்தப்படும் படம் மட்டும் இடைக்கணிப்பால் (புள்ளிகளின் மதிப்பைப் புதிய இடத்துக்கு ஏற்ப மறுபடி கணிப்பதால்) சற்று மழுங்குகிறது, முதல் படம் கூர்மையாகவே நிற்கிறது என்பதால், அந்த வேறுபாடு காலமாற்றம் போலத் தோற்றமளித்தது. மார்ட்டின் ராய்ட்டர் குழுவினர் 2012இல் விளக்கிய முறையில், எல்லாப் படங்களையும் அவற்றுக்குப் பொதுவான நடுவெளிக்குக் கொண்டுவந்து இடைநிலைப் படம் ஒன்றை உருவாக்குவது இதற்காகத்தான். படங்களைத் தனித்தனியாக ஓட்டினாலும் இந்தச் சாய்வு வராதே என்று சிலர் வாதிடலாம்; உண்மைதான், ஆனால் அளவீட்டு இரைச்சல் கூடுவதால் சிறிய மாற்றங்கள் அதில் மறைந்துபோகும்.

நேரம் உண்மையில் வீணாவது மறுவேலையில். ஒருவருக்குப் புதிய படம் ஒன்று வந்து சேர்ந்தால் பேஸ் மாறும். பேஸ் மாறினால் அவருடைய ஒவ்வொரு படத்தையும் பேஸைக் கொண்டு அளக்கும் 'லாங்' ஓட்டங்கள் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். ஆகவே படமெடுப்பு முடியும்வரை ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக ஓட்டும் 'கிராஸ்' கட்டத்தை மட்டும் ஓட்டிக்கொண்டே வாருங்கள். தரவு முழுமையான பிறகு பேஸைத் தொடங்குங்கள். லாங் கட்டம் பேஸின் மேற்பரப்புகளிலிருந்து தொடங்குவதால் கிராஸைவிட விரைவாகவே முடியும். அதே காரணத்தால், மூளையுறையின் ஒரு துண்டைப் புறணியாக (மூளையின் வெளி அடுக்காக) மென்பொருள் கருதி மேற்பரப்பு வெளியே பிதுங்கியிருந்தால், அந்தப் பிழை லாங் ஓட்டங்கள் அனைத்துக்கும் இறங்கும்; பேஸை ஒவ்வொரு தளமாகப் பார்த்துத் திருத்திய பின்பே அடுத்த கட்டத்துக்குச் செல்லுங்கள்.

ஆய்வுக்குட்பட்டவர்கள் அதிகமென்றால் ஒரு படத்துக்குச் செயலியின் நான்கு கோர்களைக் கொடுப்பதைவிட, நினைவகம் இடம்கொடுத்தால், நான்கு படங்களுக்குத் தலா ஒரு கோர் கொடுப்பதே லாபம். ஃப்ரீசர்ஃபரின் முதன்மைக் கட்டளையான ரீகான்-ஆலின் எல்லாப் படிகளும் இணையாக ஓடக்கூடியவை அல்ல. வரைகலைச் செயலி (ஜி.பி.யு.) இருந்தால் 2020இல் வெளியான ஃபாஸ்ட்சர்ஃபர் என்ற மாற்று மென்பொருள் மூளையை 95 பகுதிகளாகப் பிரிப்பதை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். ஆனால் பாதித் தரவை அதிலும் மீதியை ஃப்ரீசர்ஃபரிலும் ஓட்டிக் கலக்காதீர்கள். ஃப்ரீசர்ஃபரின் பதிப்பு மாறினாலே அளவுகள் மாறும்: 2012இல் குரோனன்ஷில்ட் குழுவினர் பதிப்புகளுக்கிடையே கனஅளவில் சராசரியாக 8.8 சதவீத வேறுபாட்டைக் கண்டார்கள். அல்சைமர் நோயாளிகளின் ஹிப்போகாம்பஸ் ஓராண்டில் இழப்பதே அதைவிடக் குறைவு.

எனக்கு நீண்ட நாளாகவே ஒரு மனக்குறை உண்டு. பேஸை இப்படித் தளம் தளமாகச் சரிபார்க்க நாள்கணக்காகக் கண் எரிய உட்காருபவர்களின் பெயர் பல கட்டுரைகளில் நன்றியுரையில்கூட வருவதில்லை. வேகம் வேண்டும் என்று மட்டும் கேட்பவர்கள் அந்த உழைப்பையும் திட்ட அட்டவணையில் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு படம் மட்டும் உள்ளவர்களையும் நேரம் கருதி விட்டுவிடாமல் பேஸ், லாங் வழியாகவே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அவர்களுடைய அளவுகள் மற்றவர்களுடையவற்றோடு ஒப்பிடத்தக்கதாக இராது.