கிதாரில் வேகம் வந்தும் உணர்ச்சி வராதது ஏன்?

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 120 அடியில் வைத்து, அடிக்கு நான்கு சுரம் வாசித்தால் நொடிக்கு எட்டு சுரம். விப்ராட்டோவில் (பிடித்த சுரத்தை மேலும் கீழும் லேசாக ஆட்டுவது) ஒரு அலை முழுதாக ஆடி முடிக்கவே அந்த எட்டில் ஒரு பங்கு நொடி போதாது. அதனால் உணர்ச்சி பெரும்பாலும் ஓட்டத்தில் இல்லை, நிற்கும் சுரத்தில்தான் தங்குகிறது. உங்கள் ஓட்டம் எங்கே போய் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

நிற்கும் சுரத்துக்கு ஒரு பயிற்சி: மூன்றாம் கம்பி, ஏழாம் ஃப்ரெட் (கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி). முதலில் ஒன்பதாம் ஃப்ரெட்டை மீட்டி அந்தச் சுருதியைக் காதில் வாங்குங்கள். பிறகு ஏழில் மோதிர விரலை வைத்து, நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் முட்டுக்கொடுக்க, அதே சுருதி வரும்வரை கம்பியை வளையுங்கள். பலருக்கும் சுருதி கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். விரலால் மட்டும் தள்ளுவதுதான் காரணம். மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். சேர்ந்த இடத்தில் இரண்டு அடி அசையாமல் பிடித்த பிறகே விப்ராட்டோ. எடுத்தவுடன் ஆட்டினால் நடுக்கம் மாதிரிதான் கேட்கும் (பதற்றம் என்றே கேட்பவர் நினைப்பார்).

வேகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாச் சுரத்தையும் ஒரே அழுத்தத்தில் மீட்டினால் அது தட்டச்சுதான். அதே ஓட்டத்தை 80-ல், முதல் சுரத்தை மட்டும் அழுத்தி வாசித்துப் பாருங்கள்.