மாலை போடுவது மாதிரி ஒரு 41 நாள்

வணக்கம் அம்மா,

போன வாரம் மேலூரிலிருந்து, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் உங்கள் மகனை, போனை விட மாட்டேன் என்கிறான் என்று என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "சார், இந்தப் போனைப் பிடுங்கிக் கிணத்துல போட்டுரவா?" என்று கேட்டீர்கள். அடுத்த ஆள் காத்திருந்ததால் "வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னேன். ஏன் வேண்டாம் என்று இப்போது எழுதுகிறேன்.

தம்பி அரசுப் பணியாளர் தேர்வாணையத்தில் (டிஎன்பிஎஸ்சி) எல்லாத் தேர்வுக்கும் பொதுவான ஒருமுறைப் பதிவைச் செய்திருப்பது அந்தப் போன் எண்ணில்தான். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தாலும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும்தான் வரும், தபாலில் வராது. என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் அப்பா கோபத்தில் போனைத் தரையில் அடித்து, சிம்மையும் ஒடித்துப் போட்டுவிட்டார். கல்லூரிக் கலந்தாய்வுக்கு ஓடிபி வர வேண்டிய வாரம் அது. மாற்று சிம் வாங்கக் கடை கடையாக அலைந்து, கடைசி நாளில்தான் அந்தப் பெண் பதிவை முடித்தாள்.

இன்னொன்று, தம்பியைப் பற்றி. என் முன்னால் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடத்தில் போன் மேசையில் கவிழ்ந்து கிடந்தது. மணி அடிக்கவில்லை, அதிரவும் இல்லை. ஆனாலும் அவன் கை 11 தடவை அதன் மேல் போனது. நான் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். காட்டியபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எடுக்கணும்னு நான் நெனைக்கவே இல்ல சார்" என்றான். நான் அதை நம்புகிறேன், நீங்களும் நம்புங்கள். கீழே தள்ளத் தள்ள அடியே வராமல் போய்க்கொண்டிருக்கும் அந்தப் பக்க அமைப்பை 2006-இல் உருவாக்கிய அசா ரஸ்கின் என்பவரே, பின்னாளில் அதற்காக வருந்திப் பேசியிருக்கிறார். பிள்ளை சோம்பேறி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆனால் விட்டுவைக்கவும் முடியாது. குரூப் 4 தேர்வு 3 மணி நேரம், 200 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நாற்பது நிமிடத்தில் 11 தடவை அலையும் மனது அந்த 3 மணி நேரம் நிற்காது. அதைவிட எனக்குக் கவலை தந்தது அவன் மெதுவாகச் சொன்ன வேறொன்று. கூடப் பிகாம் படித்தவர்கள் சென்னையில் வேலை, புது பைக் என்று போடும் படங்களைக் காலையில் எழுந்ததும் பார்க்கிறான். பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கிறான். நாம தோத்துட்டோம் என்ற நினைப்போடு திறக்கிற புத்தகத்தில் என்ன ஏறும்?

சரி, என்ன செய்யலாம்? கார்த்திகை பிறந்தால் உங்கள் தெருவில் எத்தனை பையன்கள் மாலை போடுகிறார்கள்! அவர்களாகவே நாள் குறிக்கிறார்கள். 41 நாள் என்று கணக்கு இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் சீண்டுவதில்லை. வீட்டில் கறி சமைப்பதுகூட நின்றுவிடுகிறது. இந்தப் போன் விரதத்தையும் அப்படியே நடத்துங்கள். நாளைத் தம்பியே குறிக்கட்டும், நண்பர்களிடம் அவனே சொல்லட்டும்.

இன்ஸ்டாகிராமைத் தற்காலிகமாக முடக்கினால் போதும். நிரந்தரமாக அழிக்கக் கொடுத்தால் 30 நாளில் எல்லாம் போய்விடும். அந்தப் பயத்திலேயே பாதியில் உள்ளே வந்துவிடுவார்கள். வாட்ஸ்அப் இருக்கட்டும், குழுக்களை மட்டும் ஒலியடக்கி வைக்கலாம். டெலிகிராமில் தேர்வுக் குழுக்களை விட்டால் செய்தி தவறிவிடுமோ என்று பயப்படுகிறான். அங்கே பாதி வதந்திதான். அறிவிப்பு எதுவானாலும் தேர்வாணையத்தின் இணையதளத்தில் வரும். வாரம் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டு பார்த்தால் எதுவும் தவறாது.

இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலை இரண்டாவது வாரத்திலேயே இங்கே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. காலியான நேரத்தில் நாம் எதையும் வைக்காவிட்டால் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். தம்பிக்குக் காலை ஒன்பது மணிக்குப் போக ஓர் இடம் வேண்டும். மதுரை புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்கென்றே பிரிவு இருக்கிறது. மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ்ஸில் போய்விடலாம். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் இவனைப் போலத்தான், இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை எழுதுகிறவர்கள். இன்ஸ்டாகிராமில் அவர்கள் படம் வராது. அவன் அவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நூலகத்தைச் சொல்கிறேன்.

அப்புறம், வீடு. கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. சமையல்கட்டில் சத்தமாக சீரியல் ஓட, அப்பா திண்ணையில் ரீல்ஸ் பார்க்க, பிள்ளை மட்டும் விரதம் இருக்க முடியாது. ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை மூன்று போனும் ஒரே அலமாரியில் இருக்கட்டும்.

முதல் வாரம் சிடுசிடுப்பான், கை சும்மா சும்மா சட்டைப்பையைத் தடவும். "போன் பாத்தியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடரட்டும், ஒன்றிலிருந்து எண்ண வேண்டாம்.

ராத்திரி போன் அலமாரியில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. குரூப் 4-இல் பாதிக் கேள்வி, அதாவது 100, தமிழிலிருந்து. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அவன் பார்க்காமல் சொல்லட்டும். எட்டாவது வரை படித்ததாகச் சொன்னீர்கள். குறளின் முதல் அடியை வாசித்துவிட்டு அடுத்த அடியைக் கேட்பதற்கு அது தாராளமாகப் போதும்.