நாட்டு நெல் விதை எங்கே கிடைக்கும்? இயற்கை விவசாயத்தை எங்கே கற்கலாம்?

விதைக்கு என்றால் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாதான். நாட்டு நெல் ரகங்களை மீட்ட 'நெல்' ஜெயராமன் 2006-இல் தொடங்கி வைத்தது. அவர் 2018-இல் மறைந்துவிட்டார். அவர் வகுத்த ஏற்பாடு ரொம்ப எளிது: 2 கிலோ விதையை இலவசமாக வாங்கிப் போனால், அடுத்த வருஷம் அதே ரகத்தில் 4 கிலோ திருப்பித் தர வேண்டும். காசே கிடையாது, விதைதான் வட்டி!

திருப்பித் தரும் விதை சுத்தமாக இருக்க வேண்டுமே? கதிர் வரும்போது வயலில் இறங்கி, உயரத்திலோ நிறத்திலோ மாறித் தெரியும் கலவன் பயிரைப் பிடுங்குங்கள். அப்புறம் வரப்போரத்தை விட்டு, நடுவயலில் விதைக்கு அறுங்கள். காட்டுயானம் என்ற நாட்டு நெல் ரகம் போட ஆசையா? ஆள் உயரத்தைத் தாண்டும், ஆறு மாதப் பயிர். பொறுமை வேண்டும்.

கற்க, கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணை இருக்கிறது, தங்கியே பயிலலாம்.