பாத்திரம் கழுவினால் விரல் வெளுக்கிறது டாக்டர்!

கேள்வி: எனக்கு 27 வயது. மதுரையிலிருந்து கல்யாணமாகி கோத்தகிரிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கை எப்போதும் சில்லென்று இருக்கிறது. மார்கழி, தையில் காலையில் பாத்திரம் கழுவினால் இரண்டு கையிலும் நடுவிரலும் மோதிர விரலும் சாக்பீஸ் மாதிரி வெளுத்து மரத்துப்போகின்றன. கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். “ரத்தம் இல்லை, பேரீச்சம்பழம் சாப்பிடு” என்கிறார் மாமியார். ஒற்றைத் தலைவலிக்காக ஆறு மாதமாக ப்ரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டரைப் பார்க்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: பாருங்கள் சகோதரி. பதறி ஓட வேண்டாம், ஆனால் இந்த மாதமே பாருங்கள். சில்லென்ற கையை விட, வெளுக்கிற விரல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குளிர் பட்டால் உடம்பு, உள்ளுறுப்புகளின் சூட்டைக் காக்க விரல் நுனிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். அது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு மட்டும் அந்தச் சின்ன ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறி இறுகிவிடும். விரல் வெளுக்கும், அப்புறம் நீலம் பாயும், ரத்தம் திரும்பும்போது சிவந்து விண்விண்ணென்று வலிக்கும். மூன்று நிறமும் எல்லோருக்கும் வருவதில்லை. 1862-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனோவின் பெயரிலேயே ‘ரேனோ’ என்கிறோம். இளம் வயதில், இரண்டு கையிலும், புண் இல்லாமல் வந்தால் பெரும்பாலும் தொந்தரவோடு நின்றுவிடும்.

உங்கள் மாத்திரை இதைக் கிளப்பிவிடக்கூடியது. அதற்காக நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்தவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம், ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கூடவே தைராய்டுக்கு டி.எஸ்.எச். பரிசோதனையும்.

எனக்குக் கவலை தருவது வேறு சில அறிகுறிகள். முப்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது, ஒரு கையில் மட்டும் வருவது, விரல் நுனியில் ஆறாத புண். நேற்று வரை கழன்ற மோதிரம் தோல் தடித்து இறுகிக் கழலாமல் போவது, சோறு விழுங்கச் சிரமம், மூட்டு வலி, வெயில் பட்டால் கன்னத்தில் தடிப்பு, வாய்ப்புண். இவற்றுக்குப் பின்னால், நோய் எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பைத் தாக்கும் ஸ்கிளிரோடெர்மா, லூபஸ் போன்ற நோய்கள் இருக்கலாம். நகக்கண் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸ் வழியே பார்த்தால் நுண்குழாய்கள் சின்னக் கொண்டை ஊசிகள் போல வரிசையாகத் தெரியும். அவை வீங்கியோ விட்டுவிட்டோ இருந்தால் அந்த நோய்களுக்குத் தடயம் தேடும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்து, மூட்டுநோய் நிபுணரிடம் அனுப்புவோம்.

ஒரு கை திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, தாங்கமுடியாமல் வலித்து, வலுவிழந்தால் அது வேறு கதை. ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைத் திருப்பினால்தான் கையைக் காப்பாற்ற முடியும்.

வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில், ரப்பர் கையுறை போட்டுக் கழுவுங்கள். கையை மட்டும் மூடினால் போதாது, ஸ்வெட்டரும் குல்லாவும் வேண்டும். மரத்த விரலை அடுப்பில் காட்டாதீர்கள், சுட்டாலும் உறைக்காது.

டாக்டர் முன்னால் உட்காரும்போது விரல் பழைய நிறத்துக்கு வந்திருக்கும். அதனால் அடுத்த முறை வெளுக்கும்போது செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். வெள்ளை எந்தக் கணுவோடு நிற்கிறது என்று தெரியட்டும். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போங்கள்.