தக்காளி என்ன நிறம்?

அன்புள்ள ஐயா,

நான் எல்.கே.ஜி. ஆசிரியை. வகுப்பு மூலையில் ஒரு காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் விளையாடும்போது நோட்டும் கையுமாகப் பக்கத்தில் நின்று, ‘தக்காளி என்ன நிறம்?’, ‘எத்தனை கத்தரிக்காய்?’ என்று கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்கிறேன். முதல் வாரம் ஆசையாக வந்தார்கள். இப்போது கடைப்பக்கம் யாரும் வருவதில்லை. பெற்றோர், ‘எழுதச் சொல்லித்தராமல் கடை விளையாட்டா?’ என்கிறார்கள். குழந்தைக் கல்வி மேதை மாண்டிசோரியே பாவனை விளையாட்டை ஏற்கவில்லை என்கிறார் எங்கள் தாளாளர். இன்னும் என்னென்ன பொருட்கள் வாங்கி வைக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒன்றும் வாங்காதீர்கள்.

தாளாளர் சொல்வது பெருமளவு சரிதான். குழந்தையின் கையில் பொம்மைத் துடைப்பத்தைவிட நிஜத் துடைப்பத்தைக் கொடுக்கவே மாண்டிசோரி விரும்பினார். 1939இல் அடையாறுக்கு வந்த அந்த அம்மையார், நம் பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் மண்சோறு ஆக்குவதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பேன். சரி, அது வேறு கதை. பெற்றோர் ஃபீஸ் கட்டுகிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள்.

என்னை உறுத்தியது அந்த நோட்டுதான். கடை ஏன் காலியானது என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லையா? தக்காளி வாங்க வந்தவரை நிறுத்தி வைத்துத் தக்காளியின் நிறத்தைக் கேட்கும் கடையை எந்த ஊரில் பார்த்தீர்கள்? பரீட்சைக்குக் கடை வேஷம் போட்டிருக்கிறீர்கள். நாலு வயதுக்கு அது புரியாது என்று நினைத்தது உங்கள் தப்பு.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் இந்த வியாதி இருந்தது. என் மகளுக்கு நாலு வயதில் பஸ் விளையாட்டு மேல் பைத்தியம். திண்ணைதான் பஸ், அவள்தான் கண்டக்டர், பூவரச இலைதான் டிக்கெட்டும் காசும். ஒருநாள் ஏறி உட்கார்ந்தேன். மூன்று இலையை நீட்டி, “மூன்றில் இரண்டு போனால் மீதி எவ்வளவு?” என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். “இந்த பஸ் மதுரை போகாது, இறங்குங்க” என்றாள். மறுநாள் போனேன், பஸ்ஸில் இடமில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

என் அம்மாவுக்கு மட்டும் எப்போதும் இடமிருந்தது. கூடையோடு மூச்சு வாங்க ஏறுவாள். “கண்டக்டரம்மா, சில்லறை இல்லியே, அம்பது ரூபாதான் இருக்கு” என்பாள். மகள் தன் கையிலிருந்த இலைகளையெல்லாம் எண்ணிப் பார்த்தாள். போதவில்லை. “இறங்குறப்ப வாங்கிக்கோங்க” என்று சொல்லி, டிக்கெட் இலையைத் திருப்பி, பின்பக்கம் நகத்தால் ஏதோ கீறிக் கொடுத்தாள். நிஜக் கண்டக்டர் பாக்கியை எழுதித் தருவாரே, அப்படி. என் மகள் எழுதிய முதல் எழுத்து அதுதான். நான் வாங்கிக் கொடுத்த சிலேட்டு அப்போது உள்ளே பரணில் கிடந்தது.

சோறு ஊட்டினால் இரண்டு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை, கடைசிப் பயணி இறங்கும்வரை பஸ்ஸை விட்டு இறங்க மாட்டாள். இதையே 1948இல் சோவியத் ஆய்வாளர் மனுயிலென்கோ சோதித்துக் காட்டியிருக்கிறார். சும்மா அசையாமல் நில் என்றால் நிற்காத சின்னப் பிள்ளைகள், நீ காவல்காரன் என்று விளையாட்டில் சேர்த்துவிட்டபோது கூடுதல் நேரம் நின்றார்கள். அவருக்கு முன்பே சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி, விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாகிவிடுகிறது என்று சொல்லியிருந்தார். நாமோ கையைக் கட்டு, வாயைப் பொத்து என்று கத்திக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவும் கணக்குதான் கொடுத்தாள், அதுவும் என்னுடையதைவிடக் கஷ்டமான கணக்கு. ஆனால் பயணியாக இருந்துகொண்டு கொடுத்தாள். பிளாஸ்டிக் தக்காளியில் ஒன்றுமில்லை, எஸ். கடைக்குள் நீங்கள் யாராக நுழைகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

திங்கட்கிழமை அந்த நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அரைக் கிலோ தக்காளி கேளுங்கள். நிறுத்தது குறைகிறது என்று கொஞ்சம் சண்டை போடுங்கள். அப்புறம், பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.

கடன் கொடுத்தார்களா என்று எழுதுங்கள்.