நாலாவது ப்ராஜெக்ட் வேண்டாம் தம்பி, மூன்றாவதைத் திற

தம்பி, உன் ரெஸ்யூமேயையும் கூடவே அனுப்பியிருந்த புலம்பலையும் படித்தேன். மூன்று ப்ராஜெக்ட், ஏழு சான்றிதழ். மூன்றாவது, ரெயில்ஸ் (Rails) என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் நீ செய்த, கமெண்ட் போடும் வசதியுள்ள ப்ராஜெக்ட். ஆனால் இன்டர்வியூவில் ஒரே கேள்வியில் கவிழ்ந்திருக்கிறாய். "உன் கமெண்ட் மாடலில் (கமெண்டுகளைக் கையாளும் கோடில்) பேரண்ட், அதாவது எந்தக் கமெண்டுக்குப் பதிலோ அந்தக் கமெண்ட், கட்டாயமா?" என்று கேட்டார்கள், "இல்லை சார், ஆப்ஷனல் ட்ரூ (optional: true) போட்டிருக்கிறேன்" என்றாய். "சரி, பேரண்ட் ஐடியில் 99999 என்று யாராவது அனுப்பினால்?" அதோடு பேச்சு நின்றுவிட்டது. இப்போது நாலாவதாக ஒரு ப்ராஜெக்ட் செய்யவா, இல்லை டேட்டா சயின்ஸ் பக்கம் போய்விடவா என்று கேட்கிறாய். இரண்டும் வேண்டாம்.

உன்னை மடக்குவதற்காக அதைக் கேட்கவில்லை. நானும் இந்த ஆலோசனை வேலைக்கு வரும் முன் புதியவர்களை இன்டர்வியூ எடுத்தவன்தான், இந்த மாதிரிக் கேள்வியைத்தான் கேட்பேன். டுடோரியலைப் பார்த்துத் தட்டியவன் யார், தான் எழுதிய வரியை ஒருமுறையாவது சந்தேகப்பட்டவன் யார் என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விஷயம் இதுதான். முதல் கமெண்டுக்குப் பேரண்ட் கிடையாது, பதிலாக வரும் கமெண்டுக்கு உண்டு. ஆகவே பேரண்ட் ஐடி நல் (null), அதாவது மதிப்பே இல்லாமல் வெறுமையாக, இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் 99999 என்ற கமெண்டே இல்லாதபோது அந்த எண் அங்கே உட்கார்ந்திருந்தால் அது பிழை. இல்லாமல் இருப்பது வேறு, தப்பாக இருப்பது வேறு. ஆப்ஷனல் ட்ரூ எழுதியபோது முதலாவதை மட்டும் அனுமதித்ததாக நீ நினைத்தாய், ரெயில்ஸோ இரண்டையும் உள்ளே விட்டுவிட்டது. 2016-இல் வந்த ரெயில்ஸ் 5-இலிருந்து பிலாங்ஸ் டூ (belongs_to, இது இன்னொரு ரெக்கார்டைச் சேர்ந்தது என்று மாடலில் எழுதும் வரி) என்றாலே பேரண்ட் கட்டாயம், இல்லாவிட்டால் 'மஸ்ட் எக்சிஸ்ட்' என்று பிழைச் செய்தி வரும். அந்தச் செய்தியின் வாயை அடைக்கத்தான் முக்கால்வாசிப் பேர் ஆப்ஷனல் ட்ரூ போடுகிறார்கள், நீயும் அப்படித்தான் போட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

மாடலில் இதற்கு ஒரு வரி போதும்: பேரண்ட் ஐடி நிரப்பப்பட்டிருந்தால் மட்டும் பேரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் நிபந்தனை வேலிடேஷன் (சேமிக்கும் முன் செய்யும் சோதனை). ஐடியை அல்ல, பேரண்ட் ரெக்கார்டையே சோதிக்க வேண்டும். ஐடியில் ஏதோ ஓர் எண் இருக்கிறது என்பதால் அந்த எண்ணுக்கு ஒரு கமெண்ட் இருப்பதாக ஆகிவிடாது.

இதோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான். வேலிடேஷன் பார்த்து முடித்த கணத்துக்கும் சேமிக்கும் கணத்துக்கும் நடுவில் வேறொருவர் அந்தப் பேரண்டை அழித்துவிட்டால்? அந்த இடைவெளியை மாடலால் மூட முடியாது, டேட்டாபேஸில் ஃபாரின் கீ (அந்த ஐடிக்கு உண்மையான ரெக்கார்ட் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) வைத்தால்தான் மூடும். ஃபாரின் கீ வைத்தால் நல் உள்ளே போகாதோ என்று பயப்படாதே, நல் மதிப்பை அது தடுக்காது. ஏற்கெனவே அநாதையாக நிற்கும் ரெக்கார்டுகள் இருந்தால் ஃபாரின் கீயைச் சேர்க்கும் மைக்ரேஷனே (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோடு) தோற்கும், முதலில் அவற்றைச் சுத்தம் செய்.

அப்புறம், பேரண்டை அழித்தால் பதில்கள் என்ன ஆக வேண்டும்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் இதற்கு விடை கோடில் இல்லை. கேஸ்கேடு போட்டால் ஒருவர் தன் ஒற்றைக் கமெண்டை அழிக்கப் போய் மற்றவர்கள் எழுதிய இருபது பதில்களும் சேர்ந்து காணாமல் போகும். பேரண்ட் ஐடியை வெறுமையாக்கும் செட் நல் போட்டால் "ஆமாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்ற பதில், யாருக்குச் சொன்னது என்றே தெரியாமல் தனிக் கமெண்டாக மேலே வந்து நிற்கும். அதனால்தான் பல தளங்களில் ரெக்கார்டை அழிக்காமல் 'நீக்கப்பட்டது' என்று குறித்து வைக்கிறார்கள். இதை நீயாக எடுத்துச் சொல்லியிருந்தால் எதிரே உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

இன்னும் இரண்டு ஓட்டை இருக்கிறது. பேரண்ட் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் வேறொரு போஸ்ட்டின் கமெண்ட். பேரண்ட் இருக்கிறதா என்ற சோதனை இதைப் பிடிக்காது. இன்னொன்று, ஒரு கமெண்ட் தனக்குத் தானே பேரண்ட் ஆவது, அல்லது ஒன்றுக்கொன்று பேரண்டாகிச் சுற்றுவது. பேரண்டைத் தேடி மேலே ஏறிப் போகும் லூப் முடியவே முடியாது.

ரெயில்ஸ் தெரிந்தவனை யார் எடுப்பார்கள் என்றும் கேட்டிருந்தாய். மற்ற வெப் ஃப்ரேம்வொர்க்குகளிலும் இதே கதைதான். ஜாங்கோவில் நல் ட்ரூ டேட்டாபேஸுக்கு, ப்ளாங்க் ட்ரூ வேலிடேஷனுக்கு. லாரவெல்லில் நல்லபிள், எக்சிஸ்ட்ஸ் என்ற விதிகளைச் சேர்த்து எழுத வேண்டும். பெயர்தான் மாறுகிறது, கேள்வி அதேதான்.

இந்த வாரம் மூன்றாவது ப்ராஜெக்ட்டைத் திறந்து ஐந்து டெஸ்ட் எழுது: நல், சரியான பேரண்ட், 99999, வேறு போஸ்ட்டின் பேரண்ட், தானே தனக்குப் பேரண்ட். சிலது தோற்கும், தோற்கட்டும், பிறகு சரிசெய். ரெஸ்யூமேயில் முதல் இரண்டு ப்ராஜெக்ட்டையும் எடுத்துவிட்டு இதைப் பற்றி இரண்டு வரி எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எஸ்க்யூலைட் (SQLite) என்ற சிறிய டேட்டாபேஸில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ரெயில்ஸ் வழியாகப் போனால் அதுவே போட்டுக்கொள்ளும், ஆனால் நீ டெர்மினலில் நேராகப் போய் 99999-ஐச் செருகிப் பார்த்தால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ப்ராக்மா (PRAGMA) என்ற அமைப்புக் கட்டளையில் ஃபாரின் கீஸை ஆன் செய்துவிட்டுப் பார், இல்லாவிட்டால் அண்ணன் சொன்னது பொய் என்று மறுபடி புலம்பி எழுதுவாய்.