விசா முத்திரையும் ஐ-94 தேதியும்: அமெரிக்கக் குடிவரவு பற்றிய கேள்வி பதில்

குடிவரவு வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் கோப்புகளைத் தயாரிக்கும் பணியில் நீண்ட காலமாக இருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஆகவே பொதுவான விதிகளை மட்டுமே இங்கே விளக்குகிறேன்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் உள்ள எச்-1பி (சிறப்புத் திறன் பணியாளர்) விசா சென்ற மாதத்தோடு முடிந்துவிட்டது. வேலை தொடர்கிறது. நான் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியிருக்கிறேனா?

பதில்: விசா முடிந்தது என்ற ஒரே காரணத்தால் அப்படி ஆகிவிடாது. விசா முத்திரை என்பது நாட்டின் வாசலுக்கு வந்து, உள்ளே விடும்படி கேட்பதற்கான அனுமதி. உள்ளே வந்தபின் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை ஐ-94 என்னும் வருகைப் பதிவுதான் தீர்மானிக்கிறது. அதைச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். நாட்டுக்குள் இருந்தபடியே நீட்டிப்புப் பெற்றவர்களுக்கு ஒப்புதல் கடிதத்தின் அடிப்பகுதியிலேயே புதிய ஐ-94 அச்சிடப்பட்டிருக்கும். வெளிநாடு சென்று திரும்பும்போதுதான் உங்களுக்குப் புதிய விசா தேவைப்படும்.

ஒவ்வொரு முறை நாட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பதிவை எடுத்துப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்களிடம் வந்த ஒருவருக்கு எச்-1பி ஒப்புதல் முடிய இன்னும் 19 மாதங்கள் இருந்தன. ஆனால் அவர் விடுமுறை முடிந்து திரும்பியபோது, பாஸ்போர்ட் அதற்கு வெகு முன்பே காலாவதியாகப் போவதாக இருந்ததால், விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட் முடியும் நாள் வரைக்குமே ஐ-94 கொடுத்திருந்தார். பின்னர் அவர் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். ஐ-94 தானாக நீண்டிருக்கும் என்று நம்பிவிட்டார். அது தானாக நீளாது. மூன்று வாரம் மீதமிருக்கையில் எங்கள் கண்ணில் பட்டதால், அவருடைய நிறுவனம் உரிய காலத்தில் நீட்டிப்பு மனுவைத் தாக்கல் செய்ய முடிந்தது. ஐ-94 முடிந்தபின் நீடிக்கும் சட்டவிரோதத் தங்கல் 180 நாட்களைத் தாண்டிய பிறகு வெளியேறினால் 3 ஆண்டும், ஓராண்டை எட்டிவிட்டால் 10 ஆண்டும் திரும்பி வரத் தடை விதிக்கப்படும்.

கேள்வி: சகோதரி, திடீரென்று வேலை போய்விட்டது. எச்-1பியில் இருக்கிறேன், மனைவி எச்-4இல் (எச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான நிலை) இருக்கிறார். எங்களுக்கு எத்தனை நாள் அவகாசம்?

பதில்: அதிகபட்சம் 60 நாட்கள். ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால், அந்த நாளே எல்லை. வேலை முடிந்த மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். எந்த நாள் வரைக்குமான சம்பளம் உங்களுக்கு வழங்கப்பட்டதோ அதுவே பொதுவாக வேலையின் கடைசி நாளாகக் கொள்ளப்படுகிறது. பணிநீக்கத்துக்காகத் தரப்படும் மொத்தத் தொகை இந்தக் கணக்கை நீட்டிக்காது. இந்த அவகாசத்துக்குள் புதிய நிறுவனம் உங்களுக்காக மனு தாக்கல் செய்துவிட்டால், ஒப்புதலுக்குக் காத்திராமல் அங்கே வேலையைத் தொடங்கலாம். அது நடக்காது என்று தெரிந்தால், ஐ-539 படிவத்தின் மூலம் பார்வையாளர் நிலைக்கு மாற விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் வேலை செய்யக் கூடாது. மனைவியின் எச்-4 உங்கள் நிலையைச் சார்ந்தது என்பதால், அவருக்கும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

கேள்வி: இந்தியாவில் பிறந்த எங்கள் மகளுக்கு 19 வயது. கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) வரிசையில் பத்தாண்டுகளுக்கு மேலாக நிற்கிறோம். 21 வயதானால் அவள் எங்கள் விண்ணப்பத்திலிருந்து விலக்கப்படுவாளா?

பதில்: எனக்கு வரும் கேள்விகளில் மனத்தை அதிகம் வருத்துவது இதுதான். வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000தான். அதில் குடும்பத்தினரும் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது என்ற வரம்பும் இருப்பதால்தான் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை இவ்வளவு நீண்டுவிட்டது. குடியுரிமையை மாற்றிக்கொண்டாலும் இது மாறாது. பிறந்த நாடே கணக்கு. ஆனால் கணவன், மனைவி இருவரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டின் வரிசையைப் பயன்படுத்தலாம். இதைக் கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களும் உண்டு.

மகளின் வயதைப் பொறுத்தவரை 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு கைகொடுக்கும். உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) விசா எண் கிடைக்கும் நாளில் அவளுக்கு இருக்கும் வயதிலிருந்து, கிரீன் கார்டுக்காக உங்கள் நிறுவனம் தாக்கல் செய்த ஐ-140 மனு பரிசீலனையில் இருந்த காலத்தைக் கழிக்க வேண்டும். உதாரணமாக, அன்று அவளுக்கு 21 வயது 5 மாதம் என்றும், மனு 8 மாதம் நிலுவையில் இருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். சட்டத்தின் கண்ணில் அவள் வயது 20 ஆண்டு 9 மாதம். அதன்பின் ஓராண்டுக்குள் அவளுக்கான விண்ணப்பத்தைத் தொடங்கிவிட வேண்டும். திருமணமும் ஆகியிருக்கக் கூடாது. உங்கள் ஐ-140 துரிதப் பரிசீலனையில் சில நாட்களிலேயே ஒப்புதல் பெற்றிருந்தால் கழிப்பதற்கு அதிகம் இருக்காது. ஆகவே அவள் கல்லூரியில் இருக்கும்போதே எஃப்-1 மாணவர் நிலைக்கு மாறுவது பற்றி வழக்கறிஞரிடம் இப்போதே பேசுங்கள்.

கேள்வி: ஐ-485 (கிரீன் கார்டுக்கான இறுதிக்கட்ட விண்ணப்பம்) நிலுவையில் இருக்கிறது. தாயாருக்கு உடல்நலமில்லை. ஊருக்குப் போய் வரலாமா?

பதில்: முன்கூட்டிய பயண அனுமதி கையில் இல்லாமல் கிளம்பினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதப்படும். செல்லுபடியாகும் எச்-1பி அல்லது எல்-1 (நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெற்ற பணியாளர்) நிலையில் இருந்து, அதே நிலையில் திரும்புவோருக்கு இதில் விலக்கு உண்டு. அவசர நிலைக்கு விரைவாக அனுமதி கோரலாம். மருத்துவமனைக் கடிதத்தை இணையுங்கள்.

கேள்வி: வழக்கறிஞர் அல்லாத ஆலோசகர் ஒருவர், அகதித் தஞ்சம் கோரி விண்ணப்பித்தால் வேலை அனுமதி எளிதாகக் கிடைக்கும் என்கிறார். கையெழுத்திட்டால் போதுமாம். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். தஞ்சம் என்பது சொந்த நாட்டில் உண்மையான துன்புறுத்தலுக்கு அஞ்சுவோருக்கான பாதுகாப்பு. பொய் என்று தெரிந்தே புனைந்து தாக்கல் செய்ததாகத் தீர்ப்பாகிவிட்டால், குடிவரவுச் சலுகைகளுக்கான உங்கள் தகுதி நிரந்தரமாகப் பறிபோகலாம். எழுதிக் கொடுத்தவர் மறைந்துவிடுவார், கையெழுத்து உங்களுடையது. குடிவரவுச் சட்ட ஆலோசனை வழங்க உரிமை பெற்றவர்கள் வழக்கறிஞர்களும், அமெரிக்க நீதி அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும் மட்டுமே. அந்த ஆலோசகரிடம் வழக்கறிஞர் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஏற்கெனவே ஏதேனும் தாக்கல் செய்திருந்தால் அதன் முழு நகலையும் ரசீதையும் வாங்கிக்கொண்டு, தகுதியுள்ள வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள்.